தலைவர் ருசி பாத்த கஞ்சி

"தண்ணி ஊத்தலன்னா பின்ன இது எப்படிம்மா இப்படி ஓடுது? இதுக்குப் பேரு கஞ்சியா? கழனித்தண்ணி!"

"அண்ணாச்சி, அப்படிப் பேசாதீங்க. நான் சொட்டுத் தண்ணி ஊத்தல. நாலரை மணிக்கு அடுப்புக்கு முன்ன நின்னு கிண்டுனது இந்தக் கை. கரண்டிய நட்டா நட்டபடி நிக்கும். அந்தப் பதத்துல தான் இறக்குனேன்."

"நிக்குமா? எங்க, நட்டுக் காட்டு. எல்லாரும் பாக்கட்டும்."

வெயிலம்மா கரண்டிய கஞ்சி இருந்த போணிப் பாத்திரத்துக்குள்ள நட்டா. ஒரு நொடி கூட நிக்கல. தண்ணியப் போட்டவன் கணக்கா அப்படியே சாஞ்சு, போணி விளிம்புல 'டங்'குன்னு விழுந்துச்சு. சுத்தி நின்ன நாப்பது பேரும் சிரிச்சாங்க. கிரவுண்டுல மூணாவது ரவுண்டு நடந்துக்கிட்டு இருந்தவங்க கூட நின்னு எட்டிப் பாத்தாங்க.

"இன்னைக்கு புதன். ஞாயித்துக்கிழமை பொதுக்குழு வச்சிருக்கேன். அதுக்குள்ள கஞ்சி கஞ்சியா வரணும். இல்லன்னா வேப்பமரத்தடி எடத்துக்கு வேற ஆளப் போட்ருவோம். சங்கத்து லெட்டர வச்சு தான நீ உள்ள வந்த? அதே லெட்டர்ல வெளிய போயிருவ."

சொன்னது கண்ணபிரான். நடைப்பயிற்சி சங்கத்துத் தலைவர். கேட்டுக்கிட்டு நின்னது வெயிலம்மா. கம்பங்கஞ்சி விக்குத பொம்பள. ரெண்டு வருசமா அந்த வேப்பமரத்தடி தான் அவளுக்கு எல்லாம். கோவில்பட்டியில தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் இருக்குத அந்த கிரவுண்டுக்கு விடியக்காலம் வாரவன் எவனும் அவ கைக்கஞ்சி குடிக்காமப் போறதில்ல. எடம் போனாக்கூட வேற எடம் தேடலாம். "தண்ணிக்காரி"ன்னு ஒரு பேரு வந்துட்டா அத எங்கன கொண்டு போய்க் கழுவ? கஞ்சி விக்குதவளுக்கு அதுக்கு மேல ஒரு கெட்ட பேரு கிடையாது.

அன்னைக்கே ரெண்டு பேரு டம்ளர வாங்கிட்டு, "தண்ணிக்காரி, கொஞ்சம் கஞ்சியும் சேத்து ஊத்து"ன்னு நக்கல் அடிச்சாச்சு.

வெயிலம்மா கஞ்சி எப்படி இருக்கும்னு தெரியாதவங்களுக்குச் சொல்லணும். மழை பெஞ்ச மறுநா கரிசக்காட்டுல நடந்தா செருப்புல மண்ணு அப்பும்லா, ஒதறுனாலும் போகாது. அந்த மாதிரி டம்ளர்ல அப்பி நிக்கும். கம்பு நாகலாபுரத்துல அவ அண்ணன் காட்டுல விளைஞ்சது. புடைச்சு, தண்ணி தெளிச்சு ஊற வச்சு, மில்லுல ரவையும் மாவுமா திரிச்சு, கொதிக்குத தண்ணியில கரைச்சு ஊத்தி, கை கடுக்கக் கடுக்கக் கிண்டுவா. தொட்டுக்கிட சீனியவரைக்கா, அதான் கொத்தவரங்கா, வத்தல், உரிச்ச சின்ன வெங்காயம். கேட்டவங்களுக்கு மோர் ஊத்திக் கொடுப்பா.

சங்கத்துக்குன்னு தனியா ஒரு எவர்சில்வர் போணி. எட்டு லிட்டர். நாப்பது டம்ளர் வரும். அதுல மோர் கிடையாது. ஏன்னு கேட்டா அது தலைவரோட உத்தரவு.

இந்தக் கண்ணபிரான் பத்தி இங்கன கொஞ்சம் சொல்லியாகணும். ஒரு ஆபீஸ்ல சூப்பிரண்டா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. ஆபீஸ்ல இருந்தவரைக்கும் ஃபைலுக்கு மேல குறிப்பு எழுதுனாரு. இப்ப ஃபைல் இல்ல. அதனால மனுசங்களுக்கு மேல குறிப்பு எழுதுதாரு. தைப்பொங்கல் முடிஞ்சு நடந்த தேர்தல்ல தலைவரானாரு. எதுத்து நிக்க ஆளில்ல. ஜெயிச்ச மறுநாள்ல இருந்து தினமும் நாப்பது நிமிசம் ஆரோக்கியச் சொற்பொழிவு. தலைப்பு ஒண்ணே ஒண்ணு தான். உமிழ்நீர்.

"உமிழ்நீர் தான்யா முதல் வைத்தியன்! செரிமானம் எங்க ஆரம்பிக்குது? வயித்துலயா? இல்ல! வாயில! மாவுப் பொருள் எதுவா இருந்தாலும், சோறா இருக்கட்டும், கஞ்சியா இருக்கட்டும், வாயில வச்ச அந்த நிமிசமே உமிழ்நீர் அத ஒடைக்க ஆரம்பிச்சிருது. அதனால கஞ்சியக் குடிக்கக் கூடாது. மெல்லணும்! ஒரு வாய்க்கு முப்பத்திரெண்டு தடவ!"

சொன்னா நம்ப மாட்டீங்க, மென்னாங்க. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி லிங்கராஜ்ல இருந்து ஜவுளிக்கட ரேணுகாதேவி வரைக்கும் நாப்பது பேரும் வரிசையா நின்னு, தண்ணியா ஓடுத கஞ்சிய முப்பத்திரெண்டு தடவ மென்னாங்க. தூரத்துல இருந்து பாத்தா மாட்டுச் சந்தை மாதிரி இருக்கும்.

சொல்ல வேண்டியத சொல்லணும், அவரு சொன்னதுல தப்பு இல்ல. உமிழ்நீர் மாவ ஒடைக்கும், அது உண்ம தான். உண்மயச் சொல்லுத ஆளு பேச்ச நிறுத்தத் தெரியாம இருந்தா என்ன ஆகும்கிறது தான் இந்தக் கதை.

வெயிலம்மாளுக்கு ஒரு விசயம் மட்டும் பிடிபடல. கிரவுண்டு கேட்ட ஒட்டுன வேப்பமரத்தடியில பொது சனத்துக்கு ஊத்துத கஞ்சி கடைசி டம்ளர் வரைக்கும் கெட்டியா இருக்கு. சங்கத்துப் போணி மட்டும் தண்ணியாப் போவுது. ரெண்டும் ஒரே சட்டியில கிண்டுனது. இந்த ஆறு வாரமாத் தான் இந்த வினை. அதுக்கு முந்தி ரெண்டு வருசம் ஒரு பேச்சு கிடையாது.

இதுக்கும் கண்ணபிரான் பதில் வச்சிருந்தாரு. "முன்ன இருந்த தலைவரு கவனிக்கல. நான் கவனிக்கேன். அதான் கண்டுபிடிச்சேன்."

வியாழக்கிழம ரெண்டு கை மாவு கூடப் போட்டா. கஞ்சி களி மாதிரி வந்துச்சு. கிண்டும்போது கரண்டிக் காம்பு வளையுதான்னு பயந்தே போனா. அஞ்சே முக்காலுக்கு போணியக் கொண்டு போய் சிமெண்ட் பெஞ்சுல வச்சிட்டு, எப்பவும் போல கேட்டுக்கு வந்து அவ யாவாரத்தப் பாத்தா. ஆறே முக்காலுக்கு ஊத்தப் போனா, போணிக்குள்ள கஞ்சி அல அடிக்குது.

"எப்பா சாமி, நேத்து அவ்வளவு சொல்லியும் அடங்கலயே இந்தப் பொம்பள!"ன்னாரு கண்ணபிரான்.

"யக்கா, என்ன யக்கா நீங்க, மானத்த வாங்குதீங்க? நான் தான எங்க கடைப் பிள்ளையளுக்கெல்லாம் உங்க கஞ்சி நல்லாருக்கும்னு சொன்னேன்"னு ரேணுகாதேவி மூஞ்சத் திருப்பிக்கிட்டா.

வெயிலம்மா போணி மூடியப் போட்டா. போணியத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்தா. போணி ஓட்டையான்னு கூட வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா. ஓட்டைன்னா கஞ்சி தான வெளிய போவும், தண்ணி எப்படி உள்ள வரும்னு அப்புறந்தான் உறைச்சுது.

வீட்டுல மக முத்துச்செல்வி. குளத்தூர்ல கட்டிக் கொடுத்தது. பத்து மாசப் பிள்ளையோட வந்து ஒரு வாரம் ஆச்சு. மத்தியானம் பிள்ளைக்கு கேப்பக் கஞ்சி ஊட்டுனது வெயிலம்மா. ஸ்பூன பிள்ள வாயில வைக்க, கிண்ணத்துல விட, மறுபடி வாயில வைக்கன்னு பாதி போச்சு. அதுக்குள்ள பிள்ளைக்குத் தூக்கம். மிச்சத்த மூடி வச்சா. கொஞ்ச நேரத்துல பிள்ள முழிச்சுக்கிட்டு அழ, முத்துச்செல்வி கிண்ணத்த எடுத்தா.

"எம்மா, என்னம்மா இது? பிள்ளைக்கு இப்படித் தண்ணியாவா கரைப்ப? இதுல எப்படி வயிறு நிறையும்?"

"ஏட்டி, கெட்டியா தான கரைச்சேன்."

"நீயே பாரு. ஓடுது. அதான் அங்கன கிரவுண்டுலயும் உன்னய..."

சொல்ல வந்தத முழுங்கிட்டா மக. ஆனா வெயிலம்மா அதக் காதுல வாங்கல. கிண்ணத்தயே பாத்துக்கிட்டு நின்னா. இது அவளுக்குப் புதுசு இல்ல. பிள்ள வளத்த எந்தப் பொம்பளைக்கும் புதுசு இல்ல. ஊட்டுன மிச்சத்த வச்சா தண்ணி விட்டுப் போவும். அதுக்குத் தான் வேணும்கிறதத் தனியா எடுத்து ஊட்டச் சொல்லுவாங்க. ஏன்னு யாரும் கேட்டதில்ல. பிள்ள எச்சி பட்டா அப்படித் தான் ஆவும், அவ்வளவு தான்.

எச்சி பட்டா.

அடுப்படிக்குப் போனா. சட்டியில ஒட்டிக் கிடந்த கம்பங்கஞ்சிய வழிச்சு, வெந்நிய விட்டு இளக்கி ரெண்டு கிண்ணத்துல சரிபாதியா வச்சா. ஒண்ணுல ஸ்பூன வாயில வச்சு எடுத்துக் கலக்குனா. இன்னொண்ணுல வேற ஸ்பூன், வாயில வைக்காமக் கலக்குனா. அப்புறம் முருங்கக்கீரைய உருவ ஆரம்பிச்சா. கீரை உருவி முடிக்க, வாய் பட்ட கிண்ணம் தண்ணியாக் கிடக்குது. மத்தது அப்படியே மண்ணு மாதிரி உக்காந்திருக்கு.

"ஏட்டி முத்துச்செல்வி, இங்கன வா. இதப் பாரு."

மக பாத்தா. "சீ, என்னம்மா இது, எச்சியப் போட்டு விளையாடுத?"

"நான் விளையாடல. வேற ஒருத்தரு விளையாடுதாரு."

வெள்ளிக்கிழம போணிய பெஞ்சுல வச்சவ கேட்டுக்குப் போகல. யாவாரத்த மகளப் பாக்கச் சொல்லிட்டு, பம்ப் ரூமுக்குப் பின்னால நின்னா. கண்ணபிரான் வந்தாரு. மூடியத் தொறந்தாரு. "சூடாக் குடிச்சா உமிழ்நீர் செத்துரும், வெதுவெதுன்னு இருக்கணும்"னு கிண்டுனாரு. கரண்டி நிறைய அள்ளி நேரா வாயில வச்சு 'ஸர்ர்'னு உறிஞ்சுனாரு. கஞ்சிக் கடைக்காரி கூட உள்ளங்கையில ரெண்டு சொட்டு விட்டு நக்கித் தான் ருசி பாப்பா. இவரு உதட்டையும் நாக்கையும் மீசையையும் சேத்து வச்சாரு. "இன்னும் சூடு இருக்கு." கரண்டி மறுபடி உள்ள. ஒரு கலக்கு. பேச்சு. "உப்பு சரியா இருக்கா பாப்போம்." மறுபடி வாய். மறுபடி உள்ள. மறுபடி பேச்சு.

ஏழு தடவ. வெயிலம்மா விரல மடக்கி எண்ணுனா.

இதுல பெரிய கூத்து என்னன்னா, ஒளிஞ்சு நின்னு பாத்தவ இவ ஒருத்தி தான். நாப்பது பேரு நேராவே பாத்துக்கிட்டு நின்னாங்க. ஆறு வாரமா தினமும் பாத்துக்கிட்டுத் தான் நிக்காங்க. தலைவரு ருசி பாக்காருன்னு தான் எல்லாருக்கும் நினைப்பு. தலைவர் எச்சி எச்சியாத் தெரியாது போல.

சனிக்கிழம சாயங்காலம் சங்கத்துச் செயலாளர் தேவஆசீர்வாதம் ஸார் வீட்டுக்குப் போனா. பள்ளிக்கூடத்துல சயின்ஸ் எடுத்து ரிட்டயர்டு ஆனவரு. கேட்டுக்கு உள்ள விட்டாரு, நாற்காலியும் போட்டாரு. வெயிலம்மா ஒண்ணு விடாமச் சொன்னா. கேட்டுட்டு ஸார் வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சாரு. கண்ணுல தண்ணி வந்துருச்சு.

"அமைலேஸ், வெயிலம்மா! அது பேரு அமைலேஸ். நம்ம எச்சியில இருக்குத ஒரு நொதி. மாவுச்சத்து இருக்கே, அது பாசிமணி கோத்த நீள மாலை மாதிரி. அந்த மாலையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சிக்கிக் கிடக்கும்போது கஞ்சி கெட்டியா நிக்கும். அமைலேஸ் போயி நடுநடுவுல நறுக்கு நறுக்குன்னு வெட்டிரும். மாலை துண்டாச்சுன்னா சிக்கு விட்டுரும். கஞ்சி ஓடிரும். அதுக்குக் கொஞ்சம் எச்சி போதும், வெதுவெதுப்பு வேணும், நேரம் வேணும். நம்ம தலைவரு மூணையும் குடுத்திருக்காரு. மோர் ஊத்தியிருந்தா கூட புளிப்புக்கு அது மட்டுப்பட்டிருக்கும். அதையும் வேண்டாம்னுட்டாரு, பாரு!"

"அப்போ இது அவரு செஞ்சது தான ஸார்?"

"சந்தேகமே இல்ல. நான் மூணு வாரத்துக்கு முன்னாலயே நினைச்சேன்."

"மூணு வாரமா?" வெயிலம்மா எந்திரிச்சுட்டா. "அப்புறம் ஏன் ஸார் வாயத் தொறக்கல? அவரு என்னய அத்தன பேருக்கு முன்ன வச்சுப் பேசும்போது நீங்க பக்கத்துல தான நின்னிய?"

ஸார் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. "தலைவர்கிட்ட போயி எப்படிம்மா சொல்ல? மனசு சங்கடப்படும்லா."

"அப்போ அந்தக் கஞ்சிய நீங்களும் குடிச்சியளா ஸார்?"

"நான் கொஞ்ச நாளா சுகர்னு சொல்லி வாங்கிக்கிடல"ன்னாரு. சொன்ன பிறவு, வாசல் வரைக்கும் வந்து, "எம்பேர மட்டும் சொல்லிராத"ன்னாரு.

ஞாயித்துக்கிழம பொதுக்குழு. வெயிலம்மா ஒரே அளவுல ரெண்டு போணி கொண்டு வந்தா. ரெண்டயும் பெஞ்சுல வச்சு மூடியத் தொறந்தா.

"அண்ணாச்சி, நட்டுப் பாருங்க."

கண்ணபிரான் ஒண்ணுல கரண்டிய நட்டாரு. நின்னுச்சு. மத்ததுல நட்டாரு. நின்னுச்சு. "ஆங், பாத்தீங்களா, பயம் வந்தா பதம் வருது"ன்னு கூட்டத்தப் பாத்துச் சிரிச்சாரு.

"சரி அண்ணாச்சி. ஒரே ஒரு உதவி. இந்தப் போணி உங்களுக்கு. எப்பவும் போல ருசி பாருங்க, கிண்டுங்க, பேசுங்க. அந்தப் போணி ரேணுகா மதினிகிட்ட இருக்கட்டும். அவிய வேற கரண்டி வச்சு நீங்க கிண்டும்போதெல்லாம் கிண்டட்டும். வாயில மட்டும் வைக்கக் கூடாது. நான் போணிப் பக்கமே வரல. அந்தா, அந்த மரத்துக்கிட்ட நிக்கேன். உங்க பேச்சு முடிஞ்ச பிறவு பாப்போம்."

அவருக்கு சந்தோசம். தன் பேச்சக் கேக்கணும்னு ஒரு ஆளு இத்தன ஏற்பாடு பண்ணுனது அதான் முதல் தடவ. அன்னைக்கு அம்பது நிமிசம் பேசுனாரு. நடுவுல ரெண்டு கையையும் விரிச்சு, "மலை மாதிரி கெட்டியா இருக்குத மாவையும் உமிழ்நீர் உருக்கித் தண்ணியாக்கிரும்! அந்தச் சக்தி உங்க வாயில இருக்கு! என் வாயில இருக்கு!"ன்னாரு. சொல்லிட்டு கரண்டிய வாயில வச்சு உறிஞ்சுட்டு உள்ள விட்டாரு. தேவஆசீர்வாதம் ஸார் தரையப் பாத்துக்கிட்டாரு.

பேச்சு முடிஞ்சுது. வெயிலம்மா வந்தா.

"மதினி, உங்க போணியில நடுங்க."

ரேணுகாதேவி நட்டா. கரண்டி நின்னுச்சு.

"அண்ணாச்சி, நீங்க."

கண்ணபிரான் நட்டாரு. கரண்டி சாஞ்சு 'டங்'.

கூட்டம் ரெண்டு போணியையும் மாத்தி மாத்திப் பாத்துச்சு. கிரவுண்டுக்கு அந்தப் பக்கம் சரக்கு ரயிலு ஒண்ணு போச்சு. அப்புறம் லிங்கராஜ் தான், மெதுவா, தீக்குச்சி எண்ணுத மாதிரி ஒவ்வொரு வார்த்தையா எடுத்து வச்சாரு.

"அப்போ... தண்ணி ஊத்துனது... அதாவது... ஆறு வாரமா நம்ம குடிச்சது..."

ரேணுகாதேவி குழாயடிக்கு ஓடுனா. "எங்க வீட்டுல செம்பக் கூட வாய் வச்சுக் குடிக்க மாட்டோம்! எங்க மாமியாருக்குத் தெரிஞ்சா என்னய வீட்டுக்குள்ள விட மாட்டாவ!" வாயக் கொப்புளிச்ச தண்ணியோட சேந்து வந்துச்சு சத்தம்.

பின்னால ஒருத்தரு, "அதான் எனக்கு இப்பல்லாம் சீக்கிரம் பசிக்குதோ? பாதி செரிமானம் முடிஞ்சு தான வந்திருக்கு"ன்னாரு. பக்கத்துல நின்னவரு, "நான் வேற அத முப்பத்திரெண்டு தடவ மென்னேனே"ன்னு தலையில அடிச்சுக்கிட்டாரு.

கண்ணபிரான் அசரல. "நான் பத்து வருசமா சீனி தொடாதவன். வேப்பங்குச்சியில பல்லு விளக்குதவன். என் உமிழ்நீர் சுத்தமானது"ன்னாரு.

வெயிலம்மா அவரப் பாத்து, "சுத்தம் தான் அண்ணாச்சி. ஆனா நான் கஞ்சி தான விக்கேன்னு சொன்னேன், எச்சி விக்கேன்னு சொல்லலயே"ன்னா.

இத்தோட கதை முடிஞ்சிருந்தா நல்லாத் தான் இருக்கும். வெயிலம்மாளும் அப்படித் தான் நினைச்சா. மன்னிப்பு கேப்பாங்கன்னு கூட நினைக்கல. 'சரி யக்கா, நாளைக்கு எப்பவும் போலக் கொண்டாங்க'ன்னு ஒரு வார்த்த. அது போதும்.

நிர்வாகக் குழு மரத்தடிக்குத் தள்ளிப் போயிக் கூடிக் கூடிப் பேசுச்சு. அரை மணி நேரம். லிங்கராஜ் மகளுக்கு மாப்பிள பாத்துக்கிட்டு இருக்காங்க. இந்தச் சேதி வெளிய போச்சுன்னா? ரேணுகாதேவிக்கு மாமியா இருக்காவ. ஆளாளுக்கு ஊரு இருக்கு, உறவு இருக்கு. 'தலைவர் எச்சியக் குடிச்ச சங்கம்'னு பேரு வந்தா தெருவுல நடக்க முடியாது. நடைப்பயிற்சி சங்கத்துக்கு அது பெரிய சங்கடம் தான்.

தேவஆசீர்வாதம் ஸார் ஒரு பேப்பரோட வந்தாரு. அவரு கையெழுத்து அழகா இருக்கும்.

"வெயிலம்மா, உனக்கு நல்லது தான் பண்ணியிருக்கோம். எடம் உனக்குத் தான். இனிமே நிரந்தரம். சங்கத்துச் செலவுல ஒரு போர்டும் வச்சுத் தாரோம். இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடு."

"என்ன ஸார் எழுதியிருக்கு?"

ஸார் செருமிக்கிட்டு வாசிச்சாரு. "'கடந்த ஆறு வாரங்களாக கஞ்சியில் தண்ணீரின் அளவு கவனக்குறைவால் கூடிவிட்டது. இதற்கு வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். இனி இவ்வாறு நடக்காது.' அவ்வளவு தான்."

"யாரு வருத்தம் தெரிவிக்கா?"

"நீ தான்."

"யாரு கவனக்குறைவு?"

ஸார் பேனா மூடியத் தொறந்தாரு. லிங்கராஜ் முன்ன வந்தாரு. "எம்மா, இது ஒரு பேச்சுக்குத் தான். எங்க எல்லாருக்கும் உண்ம தெரியும்லா? வாட்ஸப் குரூப்புல போட ஒரு காரணம் வேணும்ல. தண்ணின்னு சொன்னா யாருக்கும் நட்டம் இல்ல."

"எனக்கு?"

"உனக்குத் தான் எடத்தக் குடுத்தாச்சே."

வெயிலம்மா பேனாவ வாங்குனா. வாங்கிக் கொஞ்ச நேரம் வச்சிருந்தா. போட்ருவான்னு தான் எல்லாரும் நினைச்சாங்க. அவளுக்கும் ஒரு நிமிசம் அப்படித் தான் தோணுச்சு. வேப்பமர நெழலு, ரெண்டு வருசப் பழக்கம், தொட்டு நிக்குத கேட்டு. ஒரு கையெழுத்து தான. மக கூட வீட்டுல அதத் தான் சொல்லுவா.

"ஸார், நீங்க சயின்ஸ் வாத்தியாரு. நேத்து பாசிமணி, மாலைன்னு அவ்வளவு அழகாச் சொன்னிய. அத இந்தப் பேப்பர்ல எழுதுங்க, நான் போடுதேன்."

கூட்டம் ஸாரத் திரும்பிப் பாத்துச்சு. ஸார் மூஞ்சி சுண்டிப் போச்சு.

"நீங்க குடிச்சது அவரு எச்சி. பாத்துக்கிட்டே குடிச்சீங்க. அத மறைக்குறதுக்கு என் பேர்ல தண்ணி ஊத்துதீங்க. நான் ஊத்தல. ஊத்துனேன்னு எழுத மாட்டேன்." பேனாவ மூடி பெஞ்சுல வச்சா. ரெண்டு போணியையும் தூக்குனா. கெட்டியா இருந்தத கேட்டுக்கு வெளிய நின்ன ஆட்டோக்காரங்களுக்கு ஊத்துனா. மத்தத சாக்கடையில கொட்டுனா.

அன்னைக்கு மத்தியானமே சங்கத்து வாட்ஸப் குரூப்புல சேதி வந்துருச்சு. 'கஞ்சியில் தண்ணீர் கலப்படம் நிரூபிக்கப்பட்டதால் பழைய விற்பனையாளர் நீக்கப்பட்டார்.' நாப்பது பேர்ல முப்பத்தொம்பது பேரு கையெடுத்துக் கும்புட்ட படம் போட்டாங்க. ஒருத்தரு மட்டும் போடல. அவரு போன் ரிப்பேராம்.

மறுநாளே மணியாச்சி பக்கத்துல இருந்து புது ஆளு ஒருத்தன் கஞ்சியோட வந்துட்டான். கண்ணபிரான் இப்பவும் தலைவரு தான், இப்பவும் நாப்பது நிமிசம் பேசுதாரு, இப்பவும் ருசி பாக்காரு. ஆனா உள்ளங்கையில ரெண்டு சொட்டு விட்டு, ஒதுங்கி நின்னு நக்கிப் பாக்காரு. கைய கழுவிட்டுத் தான் கரண்டியத் தொடுதாரு. யாரு சொல்லிக் குடுத்தான்னு தெரியல, குரூப்புல அதப் பத்தி ஒரு வரி கிடையாது.

கஞ்சி கெட்டியா இருக்கு. இருக்கத் தான செய்யும்.

"பாத்தீங்களா"ங்காரு கண்ணபிரான், தினமும், டம்ளரத் தலைகீழாக் கவுத்துக் காட்டி. "ஆள மாத்துன உடனே கஞ்சி எப்படி நிக்குது! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" நாப்பது பேரும் தலைய ஆட்டிக்கிட்டே முப்பத்திரெண்டு தடவ மெல்லுதாங்க.

வெயிலம்மா இப்ப பைபாஸ் ரோட்டுல லாரி நிக்குத எடத்துல விக்குதா. வெயிலு அதிகம், நெழலு இல்ல. லிங்கராஜ் கார நிறுத்தி ஒரு நாள் ரெண்டு டம்ளர் குடிச்சாரு. ரேணுகாதேவி ஆளு விட்டு வாங்கிட்டுப் போறா. தேவஆசீர்வாதம் ஸாருக்கு இப்ப சுகர் இல்லயாம், அவரும் வாராரு. எல்லாரும் குரலத் தாழ்த்தி ஒரே வார்த்த தான் சொல்லுதாவ. "எங்களுக்குத் தெரியும்மா, நீ ஊத்தல."

"அத அங்கன போயிச் சொல்லுங்க"ன்னு வெயிலம்மா சொல்லுதா. சொன்ன உடனே டம்ளரக் கீழ வச்சிட்டுப் போயிருதாவ.

இது கிரவுண்டுக்கு நடக்கப் போற நாப்பது பேருக்கு. இத வாசிக்காம இருக்க மாட்டீங்கன்னு தெரியும். உங்க குரூப்புல ஒரே ஒரு வரி போடுங்க: 'வெயிலம்மா தண்ணி ஊத்தல.' காரணம் கூட எழுத வேண்டாம். போட்டாச்சுன்னா கீழ கமெண்ட்ல 'போட்டுட்டேன்'னு சொல்லுங்க. மத்தவங்க, உங்கள ஒண்ணு கேக்கணும். அந்தப் பேப்பரும் பேனாவும் உங்க கையில இருந்திருந்தா, எடமும் கிடைக்கும்னா, நீங்க கையெழுத்து போட்டிருப்பீங்களா? உள்ளதச் சொல்லுங்க. கும்புட்ட படம் மட்டும் போடாதீங்க.